ஒரே வரைபடத்தில் நீரும் நடையும்

(நகரத் திட்டமிடல் மாணவர்களும் குடியிருப்போர் சங்கத்தினரும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்கு மேற்கே 1821-ஆம் ஆண்டு ஓர் அணையைக் கட்டி முடித்தார்கள். ஒன்றரை மைல் நீளம். சார்ல்ஸ் ஆறு கடலைத் தொடும் கழிமுகத்தில், பேக் பே என்ற பெரிய சேற்றுக் கழியை அது மறித்து நின்றது. கடல் ஏறும்போது தண்ணீரைப் பிடித்துவைத்து, வற்றும்போது திறந்துவிட்டு, அந்த வேகத்தில் ஆலைச் சக்கரங்களைச் சுழற்றலாம் என்பது முதலாளிகளின் கணக்கு. கணக்கு பெரிதாகப் பலிக்கவில்லை. 1830களில் அதே கழியின் குறுக்கே இரண்டு ரயில் பாதைகள் மண்கரை போட்டுக்கொண்டு போயின. தண்ணீர் வந்துபோகும் வழி இன்னும் சுருங்கியது. ஊர்ச் சாக்கடைகள் மட்டும் எப்போதும்போல அதில்தான் விழுந்தன. ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் வந்து அலசிவிட்டுப் போன இடத்தில், மலமும் சேறும் வெயிலில் காயத் தொடங்கின.

அந்தக் கழியின் பெரும்பகுதியை 1850களின் இறுதியிலிருந்து மண் கொட்டி மேடாக்கி, வீதி போட்டு, வீடு கட்டினார்கள். நீடம் என்ற ஊரின் சரளைமேடுகளை நீராவி இயந்திரத்தால் வெட்டி ரயிலில் கொண்டுவந்தார்கள். கடைசியில் எஞ்சியது தென்மேற்கு மூலை. மடி ரிவர், ஸ்டோனி ப்ரூக் என்ற இரண்டு ஓடைகள் வந்து சேரும் தாழ்ந்த இடம். மற்ற மேடுகளின் மழைநீரெல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். அதை யாரும் வீட்டுமனையாக வாங்க மாட்டார்கள். ஆகவே, அங்கே பூங்கா போடலாம் என்று முடிவானது. நம் ஊர்களிலும் பூங்காவுக்கு நிலம் ஒதுக்கப்படும் விதம் பல நேரம் இதுதான்.

இன்று நான் பேச வந்திருப்பது அந்த மூலை நிலத்தைப் பற்றி. பேக் பே ஃபென்ஸ் என்று அதற்குப் பெயர். அதை ஒரு கழிவுநீர்ச் சிக்கலுக்கான விடையாகவும், ஊர் மக்கள் நடந்து போகும் வழியாகவும், தோட்டமாகவும் ஒரே நேரத்தில் வரைந்தவர் பிரடெரிக் லா ஓம்ஸ்டெட். எதைச் செய்ததால் அது வென்றது, பின்னால் எதை விட்டதால் அது கெட்டது, இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நமக்குப் பயன்.

ஓம்ஸ்டெட்டின் பெயரைச் சொன்னால் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். 1858-இல் கால்வர்ட் வாக்ஸ் என்ற கட்டடக்கலைஞரோடு சேர்ந்து அவர் அதை வரைந்தார். அதற்குப் பிறகு அவர் செய்த இன்னொரு வேலையைப் பூங்கா எழுத்தாளர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-இல் அமைக்கப்பட்ட யு.எஸ். சானிட்டரி கமிஷனின் நிர்வாகச் செயலாளராக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். படைமுகாம்களில் கழிப்பிடக் குழிகள் எங்கே தோண்டப்படுகின்றன, குடிநீர் எங்கிருந்து வருகிறது, மழைநீர் வடிகிறதா என்று பார்ப்பது அந்த அமைப்பின் வேலைகளில் ஒன்று. குண்டடியில் செத்தவர்களைவிட வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் அதிகமாக இருந்த போர் அது. பாஸ்டனின் சேற்று மூலையைப் பார்க்க வந்தபோது, பூச்செடிகளைப் பற்றி மட்டும் யோசிக்கும் மனிதராக அவர் வரவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பாஸ்டன் மக்கள் 1875-இல் வாக்களித்துப் பூங்கா ஆணையம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். 1878-இல் அந்த ஆணையம் இந்த நிலத்துக்கு ஒரு வடிவமைப்புப் போட்டி நடத்தியது. பரிசும் கொடுத்தார்கள். பரிசு பெற்ற படத்தில் பாதைகள் இருந்தன, பூத்திட்டுகள் இருந்தன. இரண்டு ஓடைகளின் வெள்ளம் என்ன ஆகும் என்பதற்கு விடை இல்லை. அந்தப் படத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஓம்ஸ்டெட்டை அமர்த்தினார்கள். அவர் நகரப் பொறியாளர் ஜோசப் டேவிஸோடு சேர்ந்து வேலை செய்தார்.

டேவிஸின் சிக்கலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பாஸ்டனில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறக்குறைய 10 அடி வித்தியாசம். நம் சென்னைக் கரையில் இது ஒரு மீட்டர் அளவுதான். கடல் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் பெருமழை பெய்தால் ஸ்டோனி ப்ரூக்கின் வெள்ளம் வெளியே போக முடியாது. பின்வாங்கி ராக்ஸ்பரி பகுதித் தெருக்களுக்குள் ஏறும். அந்த நேரத்துக்கு வெள்ளத்தைத் தாங்கி நிற்க ஓர் இடம் வேண்டும். சரி, ஒரு பள்ளத்தைத் திறந்து வைத்தால் என்ன? கடல் வற்றும்போது 10 அடிக்குச் சேறு வெளியே தெரியும், நாறும். எனவே பொறியாளர் கையில் இருந்த விடை, செங்குத்தான கல்சுவர் கட்டிய ஒரு பெரிய தொட்டி. வெள்ளத்தைத் தாங்கும். மனிதன் அருகே போக மாட்டான்.

ஓம்ஸ்டெட் அந்தத் தொட்டியின் கொள்ளளவை அப்படியே ஏற்றுக்கொண்டார். சுவரை மட்டும் எடுத்துவிட்டார். சுவருக்குப் பதில் மெல்லச் சரியும் கரை. கரையில் உப்புநீருக்கும் அவ்வப்போது மூழ்குவதற்கும் பழகிய கோரைகளும் சதுப்புப் புற்களும். நடுவில் வளைந்து வளைந்து செல்லும் குறுகலான நீர்வழி. நீர்வழி ஏன் வளைய வேண்டும்? அகலமான நீர்ப்பரப்பில் காற்று அலையை எழுப்பும், அலை கரையை அரிக்கும். குறுகி வளைந்தால் அலை எழும்ப இடமில்லை. கல் பாவாத கரையும் நிற்கும். அழகுக்காக வளைத்தது என்று நினைக்கத் தோன்றும் கோடு ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒரு காரணம் இருந்தது.

கடலோடு சேரும் வாயில் ஒரு கதவு வைத்தார்கள். நம் ஏரிக்கு மதகும் கலங்கலும் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் உப்புநீரைச் சிறிதளவு உள்ளே விட்டு வெளியே விடும். தண்ணீர் தேங்கிக் கெடாது, சேறும் வெளியே தெரியாது. மழை நாளில் கடல் ஏறும்போது கதவு மூடிக்கொள்ளும். ஓடைகளின் வெள்ளம் புல்வெளிமேல் பரந்து நிற்கும். கடல் இறங்கியதும் வடியும். நடைபாதைகளும் வண்டிச் சாலைகளும் வெள்ளம் ஏறும் மட்டத்துக்கு மேலே. ஆகவே ஆண்டில் எல்லா நாளும் நடக்கலாம். புல் மூழ்கிக் கிடக்கும் நாளிலும் அதன் ஓரமாக நடக்கலாம்.

இதிலே நான் மிக முக்கியமாகக் கருதும் விஷயம் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் இருக்கிறது. அன்றாடக் கழிவுநீரை இந்தத் தோட்டத்துக்குள் விடவே இல்லை. 1877 முதல் 1884 வரை பாஸ்டன் நகரம் தன் சாக்கடைகளையெல்லாம் ஊர் ஓரமாக இடைமறிக்கும் பெருங்குழாய்களை அமைத்தது. அதன் வடிவமைப்பிலும் டேவிஸுக்குப் பங்கு உண்டு. இரண்டு ஓடைகளின் வழக்கமான ஓட்டத்தையும் தனிக் குழாய்களில் நேராகச் சார்ல்ஸ் ஆற்றுக்குத் திருப்பினார்கள். குழாய் தாங்காத வெள்ளம் மட்டுமே தோட்டத்துக்கு வரும். எவ்வளவு அழுக்கை வேண்டுமானாலும் செடி தின்றுவிடும் என்ற நம்பிக்கை இன்று நம்மிடையே பரவலாக இருக்கிறது. நாணல் நட்டால் போதும், கழிவுநீர் சுத்தமாகிவிடும் என்று திட்ட அறிக்கைகளில் எழுதிவிடுகிறோம். நாணலுக்கு ஓர் அளவு உண்டு. ஒரு குடியிருப்பின் குளியல் நீரை, தகுந்த பரப்பும் தகுந்த நேரமும் கொடுத்தால் அது தெளிய வைக்கும். ஒரு வட்டத்தின் மலக்கழிவை அதன் தலையில் கட்டினால் நாணலும் சாகும், தோட்டமும் சாகும்.

பாஸ்டன் அந்தப் பெருங்குழாயின் மறுமுனையில் செய்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன் தீவில் தொட்டி கட்டி, கழிவுநீரைச் சேர்த்துவைத்து, கடல் இறங்கும் நேரம் பார்த்துத் துறைமுகத்தில் திறந்துவிட்டார்கள். சுத்திகரிப்பு எதுவும் கிடையாது. தோட்டம் மணத்தது, துறைமுகம் நாறியது. அது நீதிமன்றம் வரை போய், 1980களில் உத்தரவு வாங்கி, டீர் தீவில் சுத்திகரிப்பு நிலையம் கட்டி, 2000-இல் கடலுக்கடியில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் சுரங்கம் போட்ட பிறகுதான் முடிவுக்கு வந்தது. ஓர் இடத்தின் அழுக்கு இன்னோர் இடத்துக்கு நகர்வதைச் சுகாதாரம் என்று அழைத்த காலம் அது. அந்தக் காலம் நமக்கு இன்னும் முடியவில்லை.

இங்கே ஒரு சிறு விலகல். ஓம்ஸ்டெட்டின் தலைமுறை, நோய்கள் நாற்றக் காற்றிலிருந்து வருகின்றன என்று நம்பி வளர்ந்தது. ராபர்ட் கோக் காலராக் கிருமியைத் தனியே பிரித்துக் காட்டியது 1880களின் நடுவில்தான். 1870-இல் பாஸ்டனிலேயே ஒரு பொது உரை நிகழ்த்திய ஓம்ஸ்டெட், மரங்கள் ஊரின் காற்றைக் கழுவும் என்பதைப் பூங்காக்களுக்கான பெரிய காரணங்களில் ஒன்றாகச் சொன்னார். நோய்க்கான காரணம் தவறு. ஆனால் நாற்றத்தை ஒழிக்க அவர்கள் மலத்தைக் குடிநீரிலிருந்து பிரித்தார்கள், தேங்கிய நீரை ஓட வைத்தார்கள், நோய் குறைந்தது. மூக்கை நம்பிச் செய்த வேலை நுண்ணோக்கி வந்த பிறகும் செல்லுபடியானது. குடிமக்கள் ‘இங்கே நாறுகிறது’ என்று சொன்னால் அளவுக்கருவி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து நடை.

ஃபென்ஸின் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஓம்ஸ்டெட் மடி ரிவரை மேல்நோக்கிப் பார்த்தார். பாஸ்டனுக்கும் ப்ருக்ளைன் என்ற பக்கத்து ஊருக்கும் எல்லை அந்த ஓடை. எல்லையில் ஓடும் ஓடைக்கு எங்கும் ஒரே கதி. இரண்டு ஊரும் தங்கள் குப்பையை அதில் தள்ளும், இரண்டு ஊரும் அதைத் தூர்வாராது. 1880களின் தொடக்கத்தில் அவர் இரண்டு ஊர்களுக்கும் கொடுத்த திட்டத்தின் தலைப்பிலேயே சுகாதாரச் சீரமைப்பு என்ற சொல் இருந்தது. ஓடையைப் புதிதாக வெட்டி, வளைத்து, ஊர் எல்லையையும் அதற்கேற்பத் திருத்தி எழுத வைத்தார். 1890களில் ரிவர்வே என்ற பெயரில் அது முடிந்தது. வேலை முடிந்த கையோடு எடுத்த புகைப்படங்களில் மொட்டைக் கரையும் குச்சி குச்சியாகச் செடிகளும் தெரிகின்றன. ஒரு தலைமுறை கழித்து எடுத்த படங்களில் அதே இடம் அடர்ந்த சோலை. இன்று அங்கே நடப்பவர்களில் பெரும்பாலோர் அதை இயற்கையாக வந்த ஆற்றங்கரை என்றே நினைக்கிறார்கள். ஒவ்வோர் அடிக் கரையும் மண் வெட்டிப் போட்டது. ஒரு பக்கம் ரயில் ஓடுகிறது. அதை மறைக்க மண்மேடு எழுப்பி மரம் வைத்தார்கள்.

அந்தக் கரையில் நடப்பவருக்கு ஒரு வழி, குதிரை ஓட்டுபவருக்கு ஒரு வழி, வண்டிக்கு ஒரு வழி என்று பிரித்தார். குறுக்கே வரும் ஊர்ச் சாலைகளைப் பாலங்களின் மேல் ஏற்றினார். நீர்வழி எங்கே போகிறதோ அங்கே காலடி வழியும் போகும். தண்ணீர் எங்கும் அறுபடாமல் தொடர்ந்து போக வேண்டிய பொருள். அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டால் நடையும் அறுபடாது. நகரத்தில் நடைபாதைக்கு நிலம் இல்லை என்கிறோம். ஒவ்வொரு கால்வாய்க்கும் கரை இருக்கிறது. தூர்வார வண்டி போவதற்காகவாவது அந்தக் கரையில் ஒரு பாதை இருந்தே ஆக வேண்டும். அதுதான் நடைபாதை.

இப்படியே கோத்துக்கொண்டு போனதில், 1634 முதல் பொது மேய்ச்சல் நிலமாக இருந்த பாஸ்டன் காமனில் தொடங்கி, பப்ளிக் கார்டன், காமன்வெல்த் அவென்யூவின் நடுமரவரிசை, ஃபென்ஸ், ரிவர்வே, ஜமைக்கா பாண்ட், ஆர்னால்ட் மரத்தோட்டம், ஃபிராங்க்ளின் பார்க் என்று ஏழு மைலுக்கு ஒரு பசுஞ்சரம் உருவானது. மரகத மாலை என்று அதை அழைக்கிறார்கள். ஏறக்குறைய 1,100 ஏக்கர். அதில் வேலைக்குப் போகிறவர்கள் நடக்கிறார்கள், பக்கத்து மருத்துவமனைகளின் செவிலியர்கள் நடக்கிறார்கள், மாணவர்கள் நடக்கிறார்கள். சேரும் இடத்துக்குப் போக அந்த வழி உதவுகிறது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நம் ஊரில் பூங்கா நடை என்றால் எட்டு வடிவத்தில் சுற்றிச் சுற்றி வருவது என்று ஆகிவிட்டது. அதற்கும் இடம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெண் தன் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு நிழலில் நடந்து போக உதவாத பூங்கா, பாதி வேலையைத்தான் செய்கிறது.

இனி, கெட்ட கதை.

1910-இல் சார்ல்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் புதிய அணை கட்டினார்கள். அதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. கழிமுகச் சேற்றின் நாற்றத்தை மொத்தமாக ஒழிக்க நினைத்தார்கள். அணைக்கு மேல்புறம் நன்னீர்த் தேக்கமானது. ஃபென்ஸுக்குள் கடல்நீர் வருவது நின்றது. உப்பில் வாழப் பழகிய புற்கள் அழிந்தன. ஓம்ஸ்டெட்டின் கதவுக்கு வேலை இல்லாமல் போனது. அவர் வரைந்ததன் உயிர் அந்தக் கதவில்தான் இருந்தது. அணை கட்டியவர்களும் பூங்காவைப் பராமரித்தவர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தால் ஃபென்ஸின் நீரமைப்பைப் புதிய நிலைக்கு ஏற்ப மாற்றி வரைந்திருக்கலாம். அப்படி நடக்கவில்லை. 1920களில் ஆர்தர் ஷர்க்ளிஃப் என்ற வடிவமைப்பாளர் அதில் விளையாட்டுத் திடல்களும் நேர்வரிசைத் தோட்டங்களும் போட்டார். பிறகு ரோஜாத் தோட்டம் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் ஒரு பகுதியைக் காய்கறித் தோட்டமாகக் குடிமக்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அது இன்றும் இருக்கிறது, நல்ல காரியம். ஆனால் நீர்வழி என்னவாக இருக்கிறது என்று பார்க்கும் பொறுப்பு மட்டும் யாருடைய கையிலும் நிற்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒருவகை நாணல் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நீரை மூடியது. வண்டல் ஏறியது.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் கார் வந்தது. ரிவர்வேக்கும் ஃபென்ஸுக்கும் இடையே மடி ரிவரைக் குழாயில் போட்டுப் புதைத்தார்கள். மேலே ஒரு கடையின் வாகன நிறுத்தம். ஃபென்ஸ் சார்ல்ஸ் ஆற்றைச் சேரும் சார்ல்ஸ்கேட் பகுதியில் 1960களில் மேம்பாலம் கட்டினார்கள். இப்படி நீரும் அறுந்தது, நடையும் அறுந்தது. ஒன்றை வெட்டினால் மற்றது தானே வெட்டுப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

1996 அக்டோபரில் பெருமழை. வண்டல் ஏறிய ஓடையும் குறுகிய குழாயும் வெள்ளத்தைத் தாங்கவில்லை. தண்ணீர் ஊருக்குள் திரும்பி, கென்மோர் சுரங்க ரயில் நிலையத்துக்குள் இறங்கியது. ஒரு நூற்றாண்டுக்கு முன்பு எந்த வெள்ளத்துக்காகத் தோட்டம் வரையப்பட்டதோ அதே வெள்ளம். அதன் பிறகு ராணுவப் பொறியியல் படை, மாநில அரசு, பாஸ்டன், ப்ருக்ளைன் எல்லோரும் சேர்ந்து ஒரு திட்டம் வகுத்தார்கள். 2010களில் வாகன நிறுத்தத்தைப் பெயர்த்து, குழாயைத் தோண்டி எடுத்து, ஓடையை மறுபடி வானம் பார்க்க விட்டார்கள். தொடர்ந்து நாணலை வேரோடு அகற்றி, வண்டலை இயந்திரத்தால் அள்ளினார்கள். இந்தப் பெருஞ்செலவுத் திட்டத்தோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்திருந்தது: பராமரிப்பைக் கண்காணிக்கக் குடிமக்கள் குழு ஒன்று இருக்க வேண்டும். இருக்கிறது, கூடுகிறது, கேள்வி கேட்கிறது.

நம் காலத்து உதாரணம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் போய்ப் பார்த்திருக்கக்கூடிய இடம். சிங்கப்பூரின் பீஷான் அங் மோ கியோ பூங்கா. 62 ஹெக்டேர். அதன் ஓரமாக, காலாங் ஆறு 2.7 கிலோமீட்டருக்குக் கான்கிரீட் வாய்க்காலாக ஓடியது. தண்ணீருக்குப் பொறுப்பான பொதுப் பயனீட்டுக் கழகமும் பூங்காவுக்குப் பொறுப்பான தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து அந்தக் கான்கிரீட்டை உடைத்து, பூங்காவுக்குள் 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றின. 2012-இல் திறந்தார்கள். உடைத்த கான்கிரீட்டையும் பூங்காவிலேயே மறுபயன் செய்தார்கள். சாதாரண நாளில் குழந்தைகள் ஆற்றில் இறங்கி நிற்கிறார்கள். மழை நாளில் நீர்மட்டம் ஏறினால் எச்சரிக்கை ஒலிக்கும், விளக்கு எரியும், மக்கள் மேட்டுக்கு வந்துவிடுவார்கள், புல்வெளி ஆறாகிவிடும். இது எப்படி முடிந்தது என்றால், அந்த ஊரில் மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் முற்றிலும் தனித்தனி. டேவிஸும் ஓம்ஸ்டெட்டும் போட்ட அதே முதல் விதி. குழந்தை காலை நனைக்கும் தண்ணீரில் கழிவு கலக்காது என்ற உறுதி மண்ணுக்கடியில் கிடைத்த பிறகுதான் மேலே பூங்காவை வரைந்தார்கள்.

சென்னைக்கு வருகிறேன். நம்முடையதும் தட்டையான கடலோர ஊர். அடையாறு, கூவம் முகத்துவாரங்களில் மணல் மேடிட்டு அடைக்கிறது. வெள்ளம் எப்படித் திரும்பும் என்பதை 2015 டிசம்பரில் நாம் உடம்பால் அறிந்தோம். பக்கிங்காம் கால்வாயின் மேலேயே பறக்கும் ரயிலின் தூண்களை இறக்கினோம். இங்கே ஒரு பூங்காவை மாநகராட்சியின் பூங்காத் துறை பார்க்கிறது. அதன் சுவரையொட்டிப் போகும் மழைநீர் வடிகால் இன்னொரு துறை. அதற்குப் பக்கத்தில் புதைந்திருக்கும் கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியம். வடிகால் போய்ச் சேரும் ஆறு நீர்வளத் துறை. நான்கு வரைபடங்கள். நான்கிலும் அந்தப் பூங்காவின் தரைமட்டம் ஒரே எண்ணாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூங்காவைச் சாலையைவிட உயரமாக மண் கொட்டி நிரப்பி, சுற்றிலும் கைப்பிடிச் சுவர் எழுப்பி, உள்ளே கான்கிரீட் கல் பதித்துவிட்டால், தெருவின் மழைநீர் எங்கே போகும்? அந்தப் பூங்கா சாலையைவிட ஓர் அடி தாழ்ந்திருந்தால், சுவரில் தரையோடு தரையாகத் திறப்புகள் இருந்தால், உள்ளே நுழைந்ததும் மண்ணும் குப்பையும் தங்க ஒரு சிறு குழி இருந்தால், அந்தத் தெரு முட்டளவு நீரில் நிற்க வேண்டியதில்லை.

அப்புறம் பூட்டு. நம் பூங்காக்களில் பல நீண்ட காலம் காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் மட்டுமே திறந்திருந்தன. உச்சி வெயிலில், நிழல் மிகவும் தேவைப்படும் நேரத்தில், பூட்டு. கூரியர் கொண்டுவரும் பையனும் வீட்டுவேலை முடித்து அடுத்த வீட்டுக்குப் போகும் அம்மாவும் அந்த மரநிழலுக்கு வெளியே, சுவரோரமாக நடந்தார்கள். ஒரே ஒரு வாயில் உள்ள பூங்கா எந்தக் காலத்திலும் வழியாகாது. இரண்டு தெருக்களுக்கு நடுவில் இருக்கும் பூங்காவுக்கு இரண்டு தெருவிலும் வாயில் வையுங்கள், பகலில் திறந்து வையுங்கள். செலவு அதிகமில்லை.

கழிப்பறை இல்லாமல் நடைவழி இல்லை. இதைப் பேசும்போது ஆண்கள் அவசரமாக அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். நீரிழிவு உள்ள பெரியவர், கர்ப்பிணி, மாதவிடாய் நாளில் இருக்கும் பெண், காலை முதல் இரவு வரை பூ விற்கும் அக்கா, இவர்களுக்கு நடக்கும் தூரத்தைத் தீர்மானிப்பது அடுத்த கழிப்பறைதான். பூங்காவில் கழிப்பறை கட்டும்போது அதைக் கழிவுநீர்க் குழாயோடு இணைத்தாக வேண்டும். குழாய் எட்டவில்லை என்று குளத்துக்குப் பக்கத்தில் மலக்குழி தோண்டினால், மேலே பூங்கா, கீழே பழைய பேக் பே.

கடைசியாக ஒன்று. இது பாஸ்டனிலிருந்து கற்க வேண்டியது அல்ல, நம்முடையது. வெள்ளம் வந்து தங்கும் தோட்டத்தில் வண்டல் சேரும். அந்த வண்டலில் தெருவின் எல்லா அழுக்கும் இருக்கும். அதை யார் அள்ளுவது? நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு எழுதப்படாத விடை ஒன்று தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. குறிப்பிட்ட சாதிகளில் பிறந்தவர்களின் கைகள் அந்த விடை. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதையும், பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள் இறங்குவதையும் தடை செய்து 2013-இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் சாக்கடைக் குழிகளில் மனிதர்கள் மூச்சுத் திணறிச் செத்திருக்கிறார்கள். ஆகவே, வரைபடத்திலேயே இதற்கு விடை இருக்க வேண்டும். வண்டல் தங்கும் குழி எங்கே, அதன் ஓரம்வரை இயந்திரம் போகச் சரிவுப் பாதை எங்கே, அள்ளியதைக் காயப்போட இடம் எங்கே, எந்த மாதத்தில் அள்ளுவார்கள், அதற்கான பணம் எந்தத் தலைப்பில் வருகிறது. ஆள் இறங்காமல் சுத்தம் செய்ய முடியாத குழியோ வடிகாலோ உள்ள எந்தப் பூங்கா வடிவமைப்புக்கும் நாம் ஒப்புதல் தரக்கூடாது. மாணவர்களே, நாளை உங்கள் கையெழுத்து அந்தப் படத்தில் இருக்கும். இந்த ஓரிடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

குடியிருப்போர் சங்கத்தினருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வட்டத்தில் பகுதி சபை கூடும்போது, புதிய பூங்காவோ சீரமைப்போ பேச்சுக்கு வந்தால், ஊஞ்சல் எத்தனை என்று கேட்பதற்கு முன் நீர்மட்ட வரைபடத்தைக் கேளுங்கள். சாலை மட்டம், பூங்கா மட்டம், வடிகாலின் அடிமட்டம், கழிவுநீர்க் குழாயின் தடம், வாயில்கள், இவை ஐந்தும் ஒரே தாளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வரைந்து கொண்டுவரச் சொல்லி அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறியுங்கள். அதைப் படிக்கத் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். இந்த அரங்கில் இருக்கும் மாணவர்கள் உங்களோடு வந்து உட்கார்ந்து படித்துச் சொல்வார்கள். வருகிறேன் என்கிறவர்கள் வெளியே வைத்திருக்கும் நோட்டுப் புத்தகத்தில் பெயரும் வட்ட எண்ணும் எழுதிவிட்டுப் போங்கள்.